கிளி, சேவல், ஆடு

மெக்சிகோவின் குவாதலஹாராவிலோ மொன்டெர்ரேயிலோ வேலைக்கு வந்திறங்கிய முதல் வாரமே காதில் விழுந்துவிடும். அக்கார்டியன், பன்னிரண்டு தந்தி பாஹோ செக்ஸ்தோ கிதார், துள்ளும் பொல்கா தாளம். டாக்சியில், டாக்கோ கடையில், பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில். கல்யாணப் பாட்டோ என்று தோன்றும். பாட்டில் போவதோ கஞ்சா மூட்டை.

இதன் பெயர் கொரிடோ. வரிக்கு எட்டு அசை, பெரும்பாலும் நான்கடிக் கண்ணி. 1910 புரட்சியின் சண்டைச் செய்திகள் இப்படித்தான் ஊர் ஊராகப் பரவின. முதலில் ஊரும் பேரும் தேதியும், நடுவில் மோதல், கடைசியில் விடைபெறும் கண்ணி. பழைய பாட்டுகளில் புறாவைப் பறக்கச் சொல்லி முடிப்பார்கள். 1970களில் லோஸ் திக்ரெஸ் தெல் நோர்த்தே குழு அதே அச்சில் கடத்தலை வார்த்தது. அவர்களுடைய பாட்டு ஒன்றில் கமேலியாவும் எமிலியோவும் கார் டயர்களுக்குள் கஞ்சாவைத் திணித்து திஹுவானாவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போவார்கள். சரக்கு கைமாறிப் பணம் வந்ததும் எமிலியோ வேறொருத்தியிடம் போகிறேன் என்பான், கமேலியாவின் பதில் ஏழு குண்டுகள். போலீஸ் கையில் கிடைப்பது துப்பாக்கி மட்டும்.

ஸ்பானிஷ் அகராதியை நம்பினால் பாட்டு புரியாது. பெரிக்கோ என்றால் கிளி, இங்கே கொக்கைன். காயோ சேவல், அதாவது கஞ்சா. சீவா பெண்ணாடு, ஹெராயின். குவெர்னோ தெ சீவோ, ஆட்டுக்கொம்பு: ஏகே-47. அதன் மேகசின் வளைவைப் பார்த்தால் பெயர் விளங்கும். 701 என்று வந்தால் போதைக் கடத்தல் தலைவர் சாப்போ குஸ்மான். 2009 ஃபோர்ப்ஸ் பணக்காரர் பட்டியலில் அவருடைய இடம் அது.

இதில் பாதி கூலிக்கு எழுதிய மெய்க்கீர்த்தி. பேர், ஊர், வண்டி, துப்பாக்கி எல்லாம் சொல்லிக் காசும் கொடுத்தால் பாட்டு தயார். அப்படி எழுதிப் பாடிய சலீனோ சாஞ்செஸ் 1992 மே மாதம் சினலோவா மாநிலத் தலைநகர் குலியகானில் கச்சேரி முடிந்த இரவே கடத்திக் கொல்லப்பட்டார்.

ஆகவே காதில் விழுந்தால் கேளுங்கள், நீங்களாகப் பாடச் சொல்லாதீர்கள். ஒரு பாட்டு எந்தக் கும்பலின் புகழ் என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. சினலோவாவில் 2024 செப்டம்பரிலிருந்து ஒரே கார்ட்டெலின், அதாவது போதைக் கடத்தல் கும்பலின், இரு பிரிவுகள் மோதுகின்றன; பீட்சா படம் ஒரு பிரிவு, தொப்பிப் படம் மறுபிரிவு. வாட்ஸப் ஸ்டேட்டஸில் விளையாட்டாகக்கூட இரண்டும் வேண்டாம். குழுவினரே பாட மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். திஹுவானா நகரசபை 2023-இல் இத்தகைய கடத்தல் பாட்டுகளுக்கு மேடைகளில் தடை போட்டது. 2025 ஏப்ரலில் தெஸ்கோகோ ஊர்த் திருவிழாவில் பாடகர் அவற்றைப் பாட மறுத்ததும் கூட்டம் மேடையேறி வாத்தியங்களை உடைத்தது.

பாட்டில் வராதவர்களும் உண்டு. தெருமுனையில் நாள் முழுக்க ராணுவ வண்டிகளை கும்பலுக்காக நோட்டம் பார்க்கும் ஹால்கோன் (பருந்து) பையன், ஃபெண்டனில் என்ற செயற்கைப் போதைப்பொருள் வந்தபின் அபின் பால் விலை சரிந்து பிழைப்பிழந்த மலை விவசாயி. கூலிக்குப் பாட்டெழுத இவர்களிடம் காசு ஏது?

வீட்டு விருந்துக்குக் குழு வந்து, உங்களையும் ஒரு பாட்டுச் சொல்லச் சொன்னால், குதிரைப் பந்தயக் கொரிடோ கேளுங்கள். அதே அக்கார்டியன், அதே தாளம். அதற்கும் முன்னால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை.