பெரியம்மாவின் கோச் பையும் ஏற்காட்டுப் பூஞ்சையும்

பெரியம்மாவிடம் இருப்பது கோச் நிறுவனத்தின் வில்லிஸ் மாடல் பை. அமெரிக்காவில் வேலையில் இருந்த அண்ணன் தொண்ணூறுகளின் கடைசியில் ஊருக்கு வந்தபோது வாங்கி வந்தது. மேலே பிடித்துத் தூக்க ஒரு கைப்பிடி, தோளில் மாட்ட நீளமான பட்டை, மூடியில் திருகித் திறக்கும் பித்தளைப் பூட்டு. பார்க்கப் பழைய பள்ளிக்கூடப் பை மாதிரிதான் இருக்கும். தோலைத் தொட்டால்தான் ஏன் அத்தனை விலை என்று புரியும். ஏற்காட்டில் இரும்பு பீரோவுக்குள் பல மழைக்காலம் கிடந்துவிட்டது. போன கார்த்திகையில் நான் கையில் எடுத்தபோது அதன் பழுப்பு நிறமே தெரியவில்லை. மேலெல்லாம் வெள்ளை, உள்ளே அந்துருண்டை நெடி, பூட்டைச் சுற்றிப் பச்சை.

"அதைத் தூக்கிப் போடு கண்ணு, கையெல்லாம் ஒட்டிக்கும்" என்றார் பெரியம்மா. சொன்னாரே தவிர, நான் அதைக் குப்பைக் கூடைப் பக்கம் கொண்டுபோகிறேனா என்று ஒரு கண் வைத்துக்கொண்டேதான் இருந்தார்.

வெளியூரில் பைகளைப் புதுப்பித்துத் தரும் ஓர் இடத்துக்குப் படம் எடுத்து அனுப்பினேன். பையை நேரில் பார்க்காமலே, "முழுக்க ரீகலர் பண்ணிடலாம் மேடம், புதுசு மாதிரி ஆயிடும்" என்று பதில் வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ரீகலர் என்றால் தோலின் மேல் சாயமும் பசையும் கலந்த ஒரு பூச்சு. மேல்பூச்சு உள்ள தோலுக்கு அது சரி. இந்தப் பையின் தோலுக்கோ கனமான மேல்பூச்சே கிடையாது, சாயம் உள்ளே வரை இறங்கியிருக்கும். 1941இல் நியூயார்க்கில் தொடங்கிய கோச் பட்டறையில், பேஸ்பால் கையுறை உழைக்க உழைக்க மெத்தென்று ஆவதைப் பார்த்துத்தான் இந்த மாதிரித் தோலைப் பைக்குக் கொண்டுவந்தார்கள். 1962இல் அங்கே சேர்ந்த வடிவமைப்பாளர் போனி காஷின், தன் காரின் மடக்குக் கூரையில் இருந்த திருகுக் கொக்கியைப் பார்த்து இந்தப் பூட்டை உருவாக்கினார். அப்படிப்பட்ட தோலின் மேல் பெயிண்ட் ஏற்றினால் அப்புறம் ரெக்சின் பையைத் தடவுவது மாதிரிதான் இருக்கும்.

என்ன தோல் என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் தடவுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். பையைத் திறந்தால் உள்ளே தோலிலேயே அச்சடித்த ஒரு பட்டி இருக்கிறது. அதில் ஓர் எண். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து வந்த பைகளில், முதல் எழுத்து மாதத்தைச் சொல்லும், அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண்ணைச் சொல்லும், சிறு கோட்டுக்குப் பின்னால் வருவது மாடல் எண். எங்கள் பையில் முதலில் டி, அடுத்து 6, கோட்டுக்குப் பின் 9927. அதாவது 1996 ஏப்ரலில் செய்த வில்லிஸ். உள்ளே துணி லைனிங் இல்லை, அட்டை வைத்துத் தைக்கவும் இல்லை, தோலின் பின்பக்கம் அப்படியே சொரசொரவென்று தெரிகிறது. தண்ணீரில் முக்கலாமா கூடாதா என்பதை இதை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.

அடுத்தது அந்த வெள்ளை. ஏற்காட்டில் தோல் பொருள் வெளுத்தால் எல்லாரும் பூஞ்சை என்றுதான் சொல்வார்கள். டார்ச் அடித்துச் சாய்வாகப் பார்த்தேன். மூடியின் மடிப்பில் வட்டம் வட்டமாக, மெல்லிய மயிர் போல எழும்பி நின்றது. அது பூஞ்சைதான், சந்தேகமில்லை. ஆனால் பையின் முன்பக்கம் முழுக்க மெழுகு தடவியது போல ஒரே சீராக மங்கல். ஹேர் டிரையரைக் கொஞ்சம் தள்ளி வைத்து வெதுவெதுப்பான காற்றைக் காட்டினேன். மடிப்பில் இருந்த வட்டங்கள் அசையவில்லை. முன்பக்க மங்கல் மட்டும் கண்ணெதிரே உருகி, தோல் குடித்துக்கொண்டு, அடியிலிருந்து பழுப்பு எட்டிப் பார்த்தது. அது கொழுப்பு. பூஞ்சையாக இருந்தால் சூட்டுக்கு உருகாது.

"பெரியம்மா, இதுல எண்ணெய் ஏதாச்சும் போட்டீங்களா?"

"வெடிச்சுப் போயிருந்துச்சேன்னு ரெண்டு தடவை தேங்காயெண்ணெய் தேச்சு வெச்சேன். ஏன் கண்ணு, தப்பா?"

தப்பென்று எப்படிச் சொல்வது? சேலத்தில் என்றால் அத்தனை சீக்கிரம் தெரிந்திருக்காது. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பித்துவிடும். ஐயாயிரம் அடி உயரத்தில் மார்கழி ராத்திரிக்கு அந்தச் சூடெல்லாம் ஏது? தோலில் இருந்த கொழுப்போடு சேர்ந்து மேலே வந்து உறைந்திருக்கிறது. பூஞ்சைக்கும் அது நல்ல தீனி.

பூஞ்சையை வாசலில் காற்றோட்டமான இடத்தில் வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினேன். வீட்டுக்குள் தட்டினால் அந்தத் தூள் மற்ற துணிமணிகளில் போய் உட்காரும். பிறகு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு, முதலில் பட்டையின் அடிப்பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் துடைத்துப் பார்த்தேன். துணியில் லேசாகத்தான் நிறம் இறங்கியது, சரி என்று மடிப்புகளை ஒற்றி எடுத்தேன். அழுத்தித் தேய்த்தால் நிறம் போய்விடும்.

முழுக் குளியலை ஏற்காட்டில் வைத்துக்கொள்ளவில்லை. நனைந்த தோல் அங்கே ஐப்பசி கார்த்திகையில் காய்வதற்குள் புதுப் பூஞ்சையே பிடித்துவிடும். ஈரப்பதம் பார்க்கும் சின்னக் கருவி ஒன்றைப் பீரோவுக்குள் வைத்தேன், 85ஐத் தொட்டது. 65, 70க்கு மேல் தொடர்ந்து நின்றாலே பூஞ்சைக்குப் போதும். அதனால் பையை ஒரு பழைய வேட்டியில் சுற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கி, அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, தை பிறந்து காற்று காயும்வரை காத்திருந்தேன்.

தண்ணீர் விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போர் தண்ணீரில் இந்த வேலை ஆகாது. உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து தோலின் நுண்துளைகளில் வெள்ளையாகப் படியும். மேட்டூர் தண்ணீர் வந்த அன்று ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் பிடித்து, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு மட்டும் விட்டேன். பையை முக்கியதும் முதலில் மிதந்தது, எண்ணெய் இருந்த இடங்களில் தண்ணீர் உருண்டு ஓடியது. மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் கனத்தது. பஞ்சால் வட்டமாகத் தடவத் தடவத் தண்ணீர் டிக்காஷன் நிறத்துக்குப் போய்விட்டது. பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும். சாயமும் கொஞ்சம் போகத்தான் செய்யும், ஆனால் பெரும்பகுதி முப்பது வருட அழுக்கு. தோலுக்கு இயல்பிலேயே கொஞ்சம் புளிப்புத் தன்மை உண்டு, சோப்பு அதற்கு எதிர். அதனால் கடைசி அலசலில் ஒரு ஸ்பூன் வினிகர். ஆப்பசோடாவைக் குழைத்துப் பூசச் சொல்லும் வீடியோக்களை நான் நம்பாததற்கும் இதுதான் காரணம். லைனிங் உள்ள பை, அட்டை வைத்த பை, மெழுகுத் துணிப் பை எதையும் இப்படி முக்கிவிடாதீர்கள்.

துண்டால் ஒற்றி, உள்ளே பழைய பருத்திப் புடவையைச் சுருட்டித் திணித்து, வடிவத்தை விரலால் நீவிவிட்டு, வெயில் படாத அறையில் வைத்தேன். செய்தித்தாள் திணிக்கவில்லை, மை ஒட்டும். முழுக்கக் காய்ந்து விறைப்பதற்கு முன், தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற பதத்தில், தோலுக்கான கண்டிஷனரை விரலாலேயே மெல்லிசாகப் பூசினேன். காய்ந்த பிறகு இன்னொரு தரம். இரண்டாவது பூச்சுக்குப் பிறகு தோல் எங்கே போதும் என்கிறதோ அங்கே மேலே நின்றுவிடும், அதைத் துடைத்தெடுத்துவிட வேண்டும். கைப்பிடியின் அடிப்பக்கத்தில் மட்டும் இருந்த மெல்லிய வெடிப்புகள் போகவில்லை. வெடித்த தோலை எந்தக் கிரீமும் ஒட்டவைக்காது. வெடிப்பு நீளாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பித்தளைக்கு அதிக நேரம் எடுத்தேன், பிடித்துப்போய்த்தான். பூட்டைச் சுற்றி இருந்த பச்சை, தொட்டால் மெழுகு மாதிரிப் பிசுபிசுத்தது. தோலில் உள்ள கொழுப்பு அமிலம் பித்தளையில் உள்ள செம்போடு சேர்ந்தால் வருவது அது. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, நுனியைச் சீவி, பூட்டுக்கும் தோலுக்கும் நடுவில் விட்டு இழுத்தால் பாசிப்பச்சை உருண்டையாகத் திரண்டு வந்தது. உலோகத்தில் கீறல் விழவில்லை. குத்துவிளக்கு துலக்கும் புளியை அம்மா எடுத்து நீட்டினார். தோலில் பட்டால் கறையாகும் என்று வேண்டாமென்றேன். ஒரு பாலிதீன் துண்டில் பூட்டு அளவுக்கு ஓட்டை போட்டு மாட்டிவிட்டு, பஞ்சுக் குச்சியில் பிராஸோ தொட்டுத் தேய்த்தேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மெருகு போடும் தெரிந்தவர் ஒருவர், "மெஷின்ல ஒரு நிமிஷம்க்கா" என்றார். இது முழுப் பித்தளை என்பதால் தாங்கியிருக்கும். ஆனால் அந்தச் சக்கரம் பக்கத்துத் தோலையும் சுட்டுவிடும். முலாம் பூசிய பூட்டாக இருந்தால் மெருகு போடப் போட அடியில் இருக்கும் வேறு உலோகம் வெளியே வந்துவிடும், மெஷின் பேச்சே கூடாது.

தோள்பட்டையின் ஒரு முனையில் தையல் விட்டுப்போயிருந்தது. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பையை வாங்கி முகர்ந்து பார்த்தார், கட்டை விரலால் மடக்கிப் பார்த்தார். "நல்ல தோலுங்க்கா. சாயம் அடிச்சுத் தரட்டுங்களா, புதுசாட்டம் ஆயிரும்" என்றார். எல்லாருக்கும் சாயத்தின் மேல்தான் ஆசை!

"வேண்டாம்ணா. தையல் மட்டும் போதும். மெஷின் வேண்டாம், பழைய ஓட்டையிலயே ஊசி போகணும்."

"புது ஓட்டை போட்டா சீட்டைக் கிழிக்கிறாப்புல கிழிஞ்சு வந்துரும்ல, எனக்குத் தெரியாதுங்களா?" என்று சிரித்தபடி, நான் கொண்டுபோன நூலை மெழுகுக் கட்டியில் இழுத்து இழுத்து ஏற்றி, ஒவ்வோர் ஓட்டையாகத் தேடித் தைத்தார். கடைசி இரண்டு தையலைத் திரும்பி வந்து பூட்டினார். அவர் கேட்ட கூலி நான் கண்டிஷனருக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. கூடுதலாகக் கொடுத்ததற்கு ஒரு குட்டி மெழுகுத் துண்டைக் கையில் வைத்து அனுப்பினார்.

அந்துருண்டை வாசனைதான் கடைசி வரை தொந்தரவு செய்தது. காப்பித்தூள் போட்டு வைக்கச் சொன்னார்கள், ஏற்காட்டில் எதற்கும் காப்பிதானே மருந்து. காப்பி வாசனையோடு அந்துருண்டை வாசனை வந்தது. மூடியைத் திறந்துவைத்துக் காற்றில் தொங்கவிட்டதும், உள்ளே கரித்துண்டைத் துணியில் முடிந்து வைத்ததும்தான் கேட்டது, அதற்கும் வாரக்கணக்கில் ஆயிற்று. இப்போது பை பீரோவுக்குள் போவதில்லை. பெரியம்மா அதைப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் பருத்தி உறை போட்டு மாட்டிவைக்கிறார். அதற்கு மேல் பிளாஸ்டிக் கவர் கூடாது என்பதை மட்டும் அவருக்குப் புரியவைக்க முடியவில்லை, ஒவ்வொரு முறை போகும்போதும் நான்தான் கழற்றுகிறேன்.

இதைக் கேள்விப்பட்ட ஆபீஸ் அக்கா ஒருவர் தன் லூயி வுட்டான் ஸ்பீடி பையைக் கொண்டுவந்து, "இதையும் டப்புல போட்டு எடுத்துத் தாடி" என்றார். ஆன்லைனில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. நல்ல வேளை, அவரே முக்கவில்லை. இந்த ஸ்பீடியின் உடல் தோலே அல்ல, பிவிசி பூசிய பருத்தித் துணி, ஈரத் துணியால் துடைத்தால் போதும். கைப்பிடியும் ஓரங்களும்தான் தோல். மரப்பட்டைச் சாறில் பதனிட்டு, மேல்பூச்சு எதுவும் இல்லாமல் விட்ட வாசெட்டா. வெயிலும் கைப்பிசுக்கும் பட்டு அது தேன் நிறத்துக்குக் கறுக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வட்டம் நிற்கும். அக்காவின் கைப்பிடியில் சானிடைசர் தெறித்த புள்ளிகள், வளையத்துக்குப் பக்கத்தில் கன்னங்கரேல் என்று ஒரு கோடு. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சுவார்கள் இல்லையா, அதே வேலைதான். பட்டையின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் கறுப்பு. அதைத் துடைத்து எடுக்க முடியாது. ஆக்ஸாலிக் அமிலம் போட்டு வெளுக்கச் செய்யும் தோல்காரர்கள் உண்டு. விஷம், சுற்றியுள்ள நிறத்தையும் தின்னும், நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கைப்பிடியை மாற்ற வேண்டுமென்றால் அந்த நிறுவனத்திடமே கேட்பதுதான் வழி. வெளியாள் பிரித்துக் கைவைத்த பையை அவர்கள் தொடாமல் திருப்பிவிடவும் கூடும்.

பை அசல்தானா என்று முதலில் பார்த்தோம். ஸ்பீடியில் துணி ஒரே துண்டாக அடியில் சுற்றி வருவதால், ஒரு பக்கம் எழுத்து நேராக இருந்தால் மறுபக்கம் தலைகீழாக இருக்க வேண்டும். இருந்தது. உள்ளே இரண்டு எழுத்தும் நான்கு இலக்கமும். 2007க்குப் பின் வந்த பைகளில் ஒன்றாவதும் மூன்றாவதும் வாரம், இரண்டாவதும் நான்காவதும் ஆண்டு. அக்காவுடையது 2191, அதாவது 2011இன் 29ஆவது வாரம். 2021 முதல் இந்த எண்ணை விட்டுவிட்டு உள்ளே சிப் வைக்கிறார்கள். எண்ணைப் போலிக்காரனும் அடிப்பான் என்பதால் தையல், வளையத்தின் கனம், தோல் கறுத்திருக்கும் விதம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஒரு முடிவுக்கு வந்தோம். விற்றவர் அனுப்பிய படங்களில் கைப்பிடியின் அடிப்பக்கம் ஒன்றில்கூட இல்லை என்பதை அப்போதுதான் அக்கா கவனித்தார்.

கைப்பிடியை அப்படியே விட்டுவிட்டு மேலே துணி சுற்றிக்கொள்ளச் சொன்னேன். அவர் கல்யாணப் பட்டுப் புடவையின் கிழிந்த முந்தானையில் ஒரு பட்டை வெட்டிச் சுற்றியிருக்கிறார். பார்க்க அழகுதான். ஆனால் அதில் ஜரிகை இருக்கிறது, உரசி உரசித் தோலைத் தேய்க்கும். அம்மாப்பேட்டையில் தறி போட்டிருக்கும் உறவினரிடம் ஜரிகை இல்லாத துண்டு கேட்டிருக்கிறாராம்.