எந்தப் பக்கம் போக, ஆண்டவரே?

கிளினிக்குகளில் எடுத்த ரத்த சாம்பிள்களைப் பைக்கில் ஏற்றி மத்திய ஆய்வகத்தில் சேர்ப்பது என் வேலை. கேட்பதற்குக் கூரியர் வேலை மாதிரிதான் இருக்கும். ஆனால் இந்தப் பார்சல் போகிற வழியிலேயே மாறிக்கொண்டிருக்கும். செல்களைப் பிரிக்காத ரத்தத்தை அப்படியே வெளியில் வைத்திருந்தால், அதிலுள்ள செல்களே சர்க்கரையைத் தின்ன ஆரம்பித்துவிடும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோஸ் குறையும். சரி, எல்லாவற்றையும் ஐஸில் வைத்துவிடலாம் என்றால் அதுவும் ஆகாது. குளிரில் செல்லுக்குள் இருக்கிற பொட்டாசியம் வெளியே கசிந்து, நோயாளிக்கு இல்லாத கோளாறை ரிப்போர்ட்டில் காட்டும். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கிற பிளட் கல்ச்சர் பாட்டிலை ஃப்ரிட்ஜ் பக்கமே கொண்டுபோகக் கூடாது. எதை எங்கே வைப்பது, எந்தக் கிளினிக்குக்கு முதலில் போவது, எந்தச் சாலையைப் பிடிப்பது என்று நாள் முழுக்க முடிவெடுத்துக்கொண்டே இருக்கிற வேலை இது.

நான் கிறிஸ்தவன். சின்னக் காரியத்தையும் ஆண்டவரிடம் கேட்டுச் செய் என்ற புத்திமதியைக் கேட்டே வளர்ந்தவன். பைக் ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். ஓரமாக நிற்கிற காரின் கதவு சட்டென்று திறந்தால், "ஆண்டவரே, இடமா வலமா?" என்று கேட்டு முடிப்பதற்குள் கதை முடிந்திருக்கும். ஜெபிக்கக் கண்ணை மூடவும் முடியாது.

இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தவர் பைபிளில் வரும் நெகேமியா, பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரர். ராஜா அவரைப் பார்த்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில், பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினேன் என்று போகிறபோக்கில் எழுதிவைத்திருக்கிறார். ராஜா முன்னால் முழங்கால் போட்டிருக்க முடியாது. ஒரு மூச்சு இழுக்கிற நேரம்தான் கிடைத்திருக்கும். இந்தச் சிறிய ஜெபத்தைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அதற்கு முந்தைய அதிகாரத்தைத்தான் யாரும் அவ்வளவாகத் தொடுவதில்லை. எருசலேமின் மதில் இடிந்துகிடக்கிற செய்தியைக் கேட்ட நாளிலிருந்து, ராஜா முன்னால் நின்ற நாள் வரை ஏறக்குறைய நான்கு மாதம். அழுது, உபவாசித்து, அதைத் திரும்பக் கட்ட என்ன கேட்க வேண்டும், எத்தனை நாள் விடுப்பு, யாரிடம் கடிதம், எவ்வளவு மரம் என்பதெல்லாம் மனதில் ஓடி முடிந்திருக்கிறது. அந்த ஒரு மூச்சு ஜெபத்துக்குப் பின்னால் நான்கு மாதம் நிற்கிறது.

பைக்கும் அப்படித்தான். ஓரளவு வேகத்தில் போகும்போது வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் ஹேண்டில்பாரின் வலது முனையை லேசாக முன்னால் தள்ள வேண்டும். வண்டி வலப்பக்கம் சாய்ந்து திரும்பும். வருடக்கணக்காக ஓட்டுகிற பலரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் அவர்கள் கை தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. வளைவில் மணல் சிதறிக் கிடந்தால், அதை முறைத்துப் பார்க்கிறவன் நேரே அதற்குள்தான் போவான். கண் எங்கே போகிறதோ அங்கே வண்டி போகும். வளைவு எங்கே முடிகிறதோ அங்கே பார்வையை வைக்க வேண்டும் என்பது தெரிந்தால் மட்டும் போதாது, பழகியிருக்க வேண்டும். அந்த நொடியில் நான் எடுக்கிற முடிவு உண்மையில் அந்த நொடியில் எடுத்தது அல்ல. முன்பே பழகிவைத்தது வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

அதனால் என் ஜெபத்தைக் காலைக்கு மாற்றிக்கொண்டேன். டயரில் காற்று, செயின் தொய்வு, முன் பிரேக், பின் பிரேக், விளக்கு என்று கை பார்த்துக்கொண்டிருக்கும், வாய் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். "இன்றைக்கு என்னைப் பத்திரமாகக் காத்தருளும்" என்பதோடு நிறுத்துவதில்லை. இன்றைக்கு யார் என்னை அவசரப்படுத்துவார்கள், யார் மேல் எனக்குக் கோபம் வரும் என்று பெயரோடு சொல்லிவிடுவேன். சாலையில் மோசமான முடிவுகள் பெரும்பாலும் சாலையில் பிறப்பதில்லை. கிளினிக்கில் நர்ஸ் கடுகடுத்தது, மானேஜர் போனில் கத்தியது, இவையெல்லாம் அடுத்த ஓவர்டேக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பைக்குகளில் ஒட்டியிருக்கிற வசனங்களில் சங்கீதம் 91-ஐ நிறையப் பார்த்திருக்கிறேன். "உன் பாதம் கல்லில் இடறாதபடிக்கு அவர்கள் உன்னைத் தங்கள் கைகளில் ஏந்திக்கொண்டு போவார்கள்." அழகான வசனம். ஆனால் மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் இதே வசனத்தை எடுத்துச் சொல்வது யார் தெரியுமா? பிசாசு. தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிறான். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று அவர் பதில் சொல்கிறார். ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த உப்பரிகைதான் ஞாபகம் வரும்.

ஹெல்மெட் போடுவது விசுவாசக் குறைவு என்று நேருக்கு நேர் என்னிடம் சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கு உபாகமம் 22:8-ஐக் காட்டுவேன். புது வீடு கட்டினால் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டு, யாராவது விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்கிறது நியாயப்பிரமாணம். காக்கிறேன் என்று சொன்ன அதே தேவன்தான் சுவரும் கட்டச் சொல்கிறார். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. இ. லாரன்ஸ் 1935-இல் பைக் விபத்தில் தலையில் அடிபட்டு, ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். சைக்கிளில் போன இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பியபோது நடந்தது அது. தலையில் ஹெல்மெட் இல்லை. அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் அதோடு விட்டுவிடவில்லை. பைக் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அதே வருடம் பிரிட்டிஷ் ராணுவம் தன் பைக் ஓட்டிகளுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. ராணுவத்தில் தபால் சுமந்த அந்த ஓட்டிகளை என் தொழிலின் மூத்த அண்ணன்மார் என்றே நினைத்துக்கொள்வேன். ஒருவரின் மரணத்திலிருந்து இத்தனை பேருக்குக் காவல் வந்ததில் கர்த்தரின் கை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

அடையாளம் கேட்கிற பழக்கமும் எனக்கு ஒத்துவரவில்லை. சிக்னல் பச்சையாக இருந்தால் நேரே, சிவப்பாக இருந்தால் இடப்பக்கம் என்று ஆண்டவரோடு பேசிவைத்துக்கொள்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். கேட்டால், ஆட்டுத்தோல்மேல் மட்டும் பனி பெய்து தரை காய்ந்திருக்கட்டும் என்று தேவனிடம் அடையாளம் கேட்ட கிதியோனின் கதையை எடுத்துப்போடுவார். கிதியோன் தோலைக் களத்தில் போட்டது, என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் அல்ல. உன் கையால் இஸ்ரவேலை ரட்சிப்பேன் என்று தேவன் தெளிவாகச் சொன்ன பிறகுதான். அப்புறம் இன்னொரு தடவையும் தலைகீழாகக் கேட்டுப் பார்க்கிறார். அவருடைய பயத்தைத் தேவன் பொறுத்துக்கொண்டார். அதற்காக அது நமக்கு முறை ஆகிவிடாது. சிக்னல் டைமர்படி மாறுகிறது. யாக்கோபு தன் நிருபத்தில் சொல்வது வேறு: ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும், தேவன் கடிந்துகொள்ளாமல் கொடுப்பார். வழியைக் கேள் என்று அங்கே இல்லை, ஞானத்தைக் கேள் என்றிருக்கிறது.

ஒரு மாலை நீண்ட வெயில் காலத்துக்குப் பிறகு முதல் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழை பைக்காரனுக்குப் பொல்லாதது. ரோட்டில் படிந்திருக்கிற எண்ணெயும் தூசியும் நனைந்து வழுவழுவென்று ஆகிவிடும். நன்றாகக் கழுவிப் போகும் வரை பிரேக் பிடிக்கவே பயமாக இருக்கும். வெள்ளைக் கோடு மேல் ஏறினால் இன்னும் மோசம். பாலத்துக்கு அடியில் ஒதுங்கினேன். உடனே மானேஜர் மேடத்திடமிருந்து போன்.

"எங்க இருக்கீங்க? லேப்ல காத்துட்டிருக்காங்க."

"பாலத்துக்கு அடியில நிக்கிறேன் மேடம். மழை கொஞ்சம் விடட்டும்."

"மத்தவங்க வந்துட்டாங்களே."

அந்தக் கடைசி வாக்கியம்தான் ஆக்ஸிலேட்டரை முறுக்க வைக்கும். போனை வைத்துவிட்டு ஒன்றைத்தான் கேட்டேன்: "ஆண்டவரே, இப்போது கிளம்பினால் அது கடமைக்கா, ரோஷத்துக்கா?" வானத்திலிருந்து பதில் எதுவும் வரவில்லை. ஆனால் அப்படிக் கேட்டதுமே கை பெட்டியைத் திறந்தது. லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தேன். சர்க்கரை பார்க்க எடுத்தவை எல்லாம் சாம்பல் மூடி டியூப். அதில் ஃப்ளோரைடு இருக்கும், குளுக்கோஸ் கரைவதைத் தடுக்கும். பொட்டாசியத்துக்கு எடுத்தது ஒன்று, அதற்கும் இன்னும் நேரம் இருந்தது. அவசரம் என்று எழுதியது எதுவும் இல்லை. ஆய்வகத்துக்கு நேரடியாகப் போன் செய்து தாமதத்தைச் சொன்னேன். சரி, பத்திரமா வாங்க என்றார்கள். மழை தணிந்ததும் முன்னால் போகிற வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டு மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

நான் நின்ற நேரத்தில் அந்த ரோட்டில் ஏதாவது விபத்து நடந்ததா? நடக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். சபையில் எழுந்து சாட்சி சொல்ல இதில் ஒன்றும் இல்லை. மேடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான் பலன். ஆனாலும் கர்த்தரை நம்பி எடுத்த முடிவு என்று எதையாவது காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். தப்பித்த கதைகளில் நம்பிக்கை பிறகு வந்து சேர்ந்துகொள்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இதில் முடிவுக்குப் பிறகு எதுவுமே நடக்கவில்லை. சரியா தப்பா என்று நிரூபிக்கவும் வழியில்லை. அப்படியே அவர் கையில் விட்டுவிட்டேன்.

எங்களோடு வேலை செய்கிற ஒருவர், என்னைவிட அதிகம் ஜெபிக்கிறவர், நிதானமாக ஓட்டுகிறவர், ஒரு திருப்பத்தில் அடிபட்டுக் காலில் கம்பி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். தப்பு எதிரே வந்த வண்டிமேல். பார்க்கப் போனபோது, ஏற்கெனவே வந்துபோனவர்கள் அவரிடம் "அன்றைக்கு ஜெபம் பண்ணாமல் கிளம்பினீர்களோ?" என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். யோவான் 9-இல் பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்ட கேள்வி இதுதான்: இவன் பாவமா, பெற்றவர்கள் பாவமா? இரண்டும் இல்லை என்றார் இயேசு. இத்தனை தரம் அந்த அதிகாரத்தை வாசித்தும் நாம் இன்னும் அதையே கேட்கிறோம். ஏன் அவர், ஏன் நான் இல்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான், தன் ரூட்டை யார் பார்க்கிறார்கள் என்று. நான்தான் பார்க்கிறேன் என்றேன். எந்தக் கிளினிக்கில் சாம்பிளை லேட்டாகத் தருவார்கள், எந்தச் சந்தில் வேகத்தடைக்கு வெள்ளையடிக்கவில்லை என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். போனில் குறித்துக்கொண்டேன்.

இப்போது எனக்கு வேன் ஓட்டுகிற வேலைக்கு மாறச் சொல்லி ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. மழையில்லை, வெயிலில்லை, தலைக்கு மேல் கூரை. ஆனால் இரவு ஷிப்ட், ஞாயிறும் சேர்ந்து வரும். இதைக் காலை ஜெபத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கேட்டேன், வேனில் இருக்கிற இரண்டு பேரிடம் விசாரித்தேன், பாஸ்டரிடமும் பேசினேன்; மூன்று பக்கமும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். வார இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும். பைக்கின் பின் டயர் தேய்ந்திருக்கிறது. வேனுக்குப் போவதென்றால் அந்தச் செலவு எதற்கு என்று ஒரு மனம் சொல்கிறது. நாளைக்கும் இந்த வண்டியில்தான் போகிறேன், ஆகவே டயரை இன்றைக்கே மாற்றிவிடுகிறேன். அதற்குத் தனியாக ஜெபம் தேவையில்லை.