எங்கள் ஊர் அருங்காட்சியகம் டிரஸ்ட் கைக்கு வந்த அனுபவம்

இங்கிலாந்தில் நான் இருக்கும் சிறு நகரத்தின் அருங்காட்சியகத்தில் ஆறு வருடமாகச் சனிக்கிழமைதோறும் தன்னார்வலராக இருக்கிறேன். வரும் நிதியாண்டிலிருந்து கவுன்சில் (எங்கள் ஊர் உள்ளாட்சி மன்றம்) இதை நடத்தாது என்று கடிதம் வந்ததும் எங்கள் எல்லோருக்கும் எழுந்த முதல் கேள்வி: இப்படி மூட முடியுமா?

முடியும். 1964-ஆம் ஆண்டின் பொது நூலகங்கள் மற்றும் அருங்காட்சியகங்கள் சட்டம், 7-ஆம் பிரிவில் நூலகத்தைக் கடமையாக்குகிறது. அருங்காட்சியகம் பற்றிய 12-ஆம் பிரிவோ ‘நடத்தலாம்’ என்பதோடு நின்றுவிடுகிறது. பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் முதலில் எங்கள் தலை உருள்வது இதனால்தான். எனக்கு இது இன்றும் நியாயமாகப் படவில்லை.

நாங்களே டிரஸ்ட் அமைத்து நடத்துகிறோம் என்றோம். வெளி அமைப்புக்கு அருங்காட்சியகச் செலவுக்காகப் பணம் தர வழியில்லை என்றார் ஓர் அதிகாரி. அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவை அச்செடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். யார் நடத்தினாலும் அந்தச் செலவுக்குக் கவுன்சில் பங்களிக்கலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. பேசக் கிடைத்தது மூன்று நிமிடம். அதை வாசிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதன்பின் பேச்சு ‘தரலாமா’ என்பதிலிருந்து ‘எவ்வளவு’ என்பதற்கு மாறியது.

ஒரு கவுன்சிலர், ஓர் ஓவியத்தை விற்று அந்தப் பணத்தில் நடத்தலாமே என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நார்த்தாம்ப்டன் கவுன்சில் 2014-இல் செக்கெம்கா என்ற எகிப்தியச் சிலையை சுமார் 1.57 கோடி பவுண்டுக்கு விற்றதையும், அருங்காட்சியகங்களுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான ஆர்ட்ஸ் கவுன்சில் நார்த்தாம்ப்டன் அருங்காட்சியகங்களின் அங்கீகாரத்தைப் பறித்ததையும் எடுத்துச் சொன்னோம். பேச்சு அதோடு நின்றது.

கட்டடம் பெரிய தலைவலியாக இல்லை. கவுன்சில் தன் சொத்தை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கக்கூடாது என்பது பொது விதி. ஆனால் ஊர் நலனுக்கு என்றால், இழப்பு 20 லட்சம் பவுண்டுக்கு மேல் போகாதவரை, 2003-இல் அரசு தந்த பொது அனுமதி போதும். அதன்படி பெயரளவு வாடகைக்கு நீண்ட லீஸ் கிடைத்தது.

எங்களை மாதக்கணக்கில் இழுத்தடித்தது பதிவேடுதான். எந்தப் பொருள் கவுன்சிலுடையது, எது இரவல் என்று பிரிக்காமல் எதையும் கைமாற்ற முடியாது. ஒரு மருத்துவச்சியின் தோல் பை, பிடி தேய்ந்தது, உள்ளே நாடா, ஊசிகூட அப்படியே இருந்தது. பதிவேட்டில் அதற்கு நேரே பென்சிலில் ‘இரவல்’ என்று ஒரே சொல். கொடுத்தவர் பெயர் பாதி அழிந்திருந்தது. தேவாலயப் பதிவுகளைப் புரட்டி அவருடைய பேத்தியைத் தேடிப் பிடித்தோம். பையைக் கையில் வாங்கியவர் நெடுநேரம் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, இங்கேயே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் தயவுசெய்து பதிவேட்டிலிருந்து ஆரம்பியுங்கள். சட்டப் பிரிவுகளை ஒரே மாலையில் படித்துவிடலாம்.

மூன்று வருட மானியத்துக்கு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது, ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வரும். கட்டணம் வைக்க வேண்டுமா என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. கட்டணம் வைக்கும் கவுன்சில், பிள்ளைகளையும் மாணவர்களையும் மனதில் வைக்க வேண்டும் என்கிறது 13-ஆம் பிரிவு. நாங்கள் கவுன்சில் இல்லை. ஆனாலும் அதையே எங்கள் விதியாக்கிக்கொண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம் என்று முடிவு செய்தோம். முதல் தவணை போன மாதம் வந்தது. அடுத்த சனிக்கிழமை அந்தப் பையின் சீட்டில் ‘அன்பளிப்பு’ என்று மாற்றி எழுத வேண்டும்.