தாளில் ஓட்டிய புரோகிராம்கள்: அரசுப் பள்ளியிலிருந்து பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ்

பிளஸ் டூவில் நான் கணிதம், உயிரியல் குரூப். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்கள் பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள். எனக்கு அதுவும் கிடையாது. பொள்ளாச்சிப் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 2022ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. சேர்ந்தேன். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும். அந்த ஒதுக்கீடு இல்லையென்றால் தென்னை நார் மில்லில் வேலை பார்க்கும் என் அம்மாவால் என்னை அங்கே அனுப்பியிருக்கவே முடியாது. ஆனால் லேப்டாப்புக்கு வழியில்லை. லேப் சாயங்காலம் பூட்டிவிடும். இதே நிலையில் இந்த வருடம் சேரப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் செமஸ்டரில் பைத்தான். சமாளிக்கலாம். இரண்டாம் செமஸ்டரில் சி என்ற புரோகிராம் மொழி வந்தது, அதில் பாயின்டர் வந்தது. வகுப்பில் பாதிப் பேர் லேப் புரோகிராமை அப்படியே உருப்போட்டார்கள். விடுதியில் மூன்றாம் வருடம் படித்த ஒரு அக்காவிடம் நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். "மனப்பாடம் பண்ணாத புள்ள. மொதல்ல பெட்டி போடு. ஒவ்வொரு வரிக்கும் உள்ள என்ன மாறுதுன்னு எழுது"ன்னு சொன்னாங்க.

அன்றிலிருந்து அதுதான் என் படிப்பு முறை. மதிப்பைப் பெயர் வைத்துச் சேமிக்கும் ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்கு மேலே முகவரி: 1000, 1004, 1008. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் ஒரு இன்டிஜருக்கு நான்கு பைட் என்பதால் நான்கு நான்காக எண் கூடும். பாயின்டர் என்பது இன்னொரு பெட்டி, அதற்குள் இருப்பது 1000 என்ற முகவரி. இரண்டு எண்களை இடம் மாற்றும் ஃபங்ஷனுக்கு (ஒரு வேலையைச் செய்யும் தனிக் கோட் துண்டு) மதிப்பை மட்டும் கொடுத்தால், அது தனக்கென்று புதுப் பெட்டிகள் போட்டு அவற்றைத்தான் மாற்றுகிறது, அதைக் கூப்பிட்ட மெயின் ஃபங்ஷனில் உள்ள பெட்டிகள் அப்படியே இருக்கின்றன. முகவரியைக் கொடுத்தால் அந்தப் பெட்டிகளே மாறுகின்றன. படம் போட்டுவிட்டால் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு ஃபங்ஷன் தன்னையே கூப்பிடும் ரிகர்ஷனையும் இப்படித்தான் பிடித்தேன். முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் ஃபிபனாச்சி வரிசையில் ஐந்தாவது எண்ணைக் கண்டுபிடிக்கும் ஃபங்ஷனை ஒரு முழுத்தாளில் மரமாக வரைந்தேன். ஐந்து, நான்கையும் மூன்றையும் கூப்பிடுகிறது. நான்கு, மூன்றையும் இரண்டையும் கூப்பிடுகிறது. இப்படியே ஒன்றும் சுழியமும் வரும்வரை போகும். வரைந்து முடித்து எண்ணினால் மொத்தம் 15 அழைப்புகள். அதில் இரண்டுக்கான கணக்கு மட்டும் மூன்று இடத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது. நான்காம் செமஸ்டரில் அல்காரிதம்ஸ் பாடத்தில் டைனமிக் புரோகிராமிங் வந்தபோது அந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்த்தேன். ஒருமுறை கிடைத்த விடையை எழுதி வைத்துக்கொண்டால் திரும்பக் கணக்குப் போட வேண்டாம், அவ்வளவுதான் விஷயம். முப்பதாவது எண்ணுக்கு அதே மரம் வரைந்தால் 26,92,537 அழைப்புகள் வரும். எழுதி வைத்துக்கொண்டால் முப்பது சொச்சம் கட்டங்களை நிரப்பினால் போதும். எண் பெரிதாகும்போது வேலை எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கும் டைம் காம்ப்ளெக்ஸிட்டியை எதற்காகப் படிக்கிறோம் என்பது எனக்கு அந்த இடத்தில் விளங்கியது.

பரீட்சை முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் படித்தது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன், அதாவது அப்போதைய பாடத்திட்ட விதி. செமஸ்டர் தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு: பார்ட் ஏ பத்து இரண்டு மார்க், பார்ட் பி ஐந்து பதின்மூன்று மார்க், பார்ட் சி ஒரு பதினைந்து மார்க். தியரி பாடங்களில் அதை 60க்கு மாற்றி, இன்டர்னல் 40ஐக் கூட்டினார்கள். எழுத்துத் தேர்வில் 45 சதவீதமும், மொத்தத்தில் 50 சதவீதமும் எடுத்தால்தான் பாஸ். தமிழ் வழியில் வந்தவர்களுக்குப் பார்ட் ஏ தான் கடினம். நான்கு வரியில் ஆங்கிலத்தில் சரியாகச் சொல்ல வேண்டும். பார்ட் பி, பார்ட் சியில் படமும் அட்டவணையும் கணக்கும் பேசும். அங்கே மொழி பலவீனம் பெரிதாகத் தெரியாது. அதனால் பார்ட் ஏவுக்குத் தினமும் கொஞ்சம் எழுதிப் பார்த்தேன், மீதி நேரம் முழுவதும் ட்ரேஸ் (வரி வரியாகப் பெட்டியில் மதிப்பு மாறுவதை எழுதுவது) போட்டேன். பழைய கேள்வித்தாள் பார்ப்பதில் தப்பே இல்லை, ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

எங்கள் வகுப்பில் நிறையப் பேருக்கு அரியர் விழுந்தது தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனில், அதாவது கம்ப்யூட்டரால் எதைக் கணக்கிட முடியும் என்று பார்க்கும் பாடத்தில். எனக்கு மிகவும் பிடித்த பாடமும் அதுதான். ஐஐடி பாடங்களை ஆன்லைனில் இலவசமாகத் தரும் என்பிடெலில் சென்னை ஐஐடி பேராசிரியர் கமலா கிருதிவாசன் நடத்திய வகுப்புகளைப் போனில் பார்த்தேன். டிஎஃப்ஏ என்பது எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்து, ஸ்டேட் என்ற நிலைகளுக்கிடையே தாவி, ஏற்கலாமா வேண்டாமா என்று சொல்லும் கற்பனை மெஷின். அதை வரையச் சொன்னால் எல்லோரும் அம்புக்குறியிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு ஸ்டேட்டும் எதை நினைவில் வைத்திருக்கிறது என்று எழுதிவிட வேண்டும். மூன்றால் வகுபடும் பைனரி (0, 1 மட்டும் உள்ள) எண்களைக் கண்டுபிடிக்க மூன்று ஸ்டேட் போதும்: மீதி 0, மீதி 1, மீதி 2. சுழியம் வந்தால் மீதியை இரண்டால் பெருக்கு, ஒன்று வந்தால் பெருக்கி ஒன்றைக் கூட்டு, மறுபடி மூன்றால் வகுத்து மீதி எடு. 110ஐ ஓட்டிப் பாருங்கள், அது ஆறு, மீதி 0ல் வந்து நிற்கும். உருப்போட இதில் ஒன்றுமே இல்லை.

அந்தப் பாடத்தின் கடைசி யூனிட்டில் டூரிங் மெஷின் வரும், கம்ப்யூட்டருக்கு ஒரு கற்பனை மாதிரி. இங்கிலாந்துக் கணித மேதை ஆலன் டூரிங் 1936ல் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்தது. அவருடைய அம்மா பிறந்தது கோவையில் உள்ள நம் போத்தனூரில், தாத்தா ரயில்வே இன்ஜினியர். இதைத் தெரிந்துகொண்ட நாளில் விடுதியில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன். பொள்ளாச்சி ரயிலில் நான் கடந்து போகும் ஸ்டேஷன் அது!

ஐந்தாம் செமஸ்டரில் கம்பைலர் டிசைன் வந்ததும் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. கம்பைலர் என்பது நாம் எழுதும் கோடை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள். அதன் முதல் கட்டம் கோடைச் சொல் சொல்லாகப் பிரிப்பது, அதைச் செய்வது அதே டிஎஃப்ஏதான். நெட்வொர்க்ஸில், ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கும் பைனரியைத் தாளில் எழுதினால் தானாக வரும்: /26 என்றால் 32 பிட் முகவரியில் 26 பிட் நெட்வொர்க்குக்கு, மீதி 6 பிட்டில் 64 முகவரி, அதில் கருவிகளுக்குக் கொடுக்க முடிந்தது 62.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வந்த 1,000 ரூபாயைச் சேர்த்து வைத்து மூன்றாம் வருடத்தில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். அதுவரை தாளில் ஓட்டியதையெல்லாம் அதில் ஓட்டினேன். அந்த வேகம் தனி சந்தோஷம். ஆனால் லேப்டாப் வந்த பிறகும் நோட்டை விடவில்லை. கோட் ஓடவில்லையென்றால் அங்கங்கே எதையாவது மாற்றி மாற்றி அழுத்திப் பார்க்கும் பழக்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவுடன் வந்துவிடுகிறது. பேனாவை எடுத்தால் எந்த வரியில் மதிப்பு தவறுகிறது என்று தேடத் தோன்றும்.

பிளேஸ்மென்ட்டில் ஆன்லைன் தேர்வு தாண்டி இன்டர்வியூவுக்குப் போனபோது ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, லிங்க்டு லிஸ்டை (ஒவ்வொரு பெட்டியும் அடுத்த பெட்டியின் முகவரியை வைத்திருக்கும் வரிசை) திருப்பிப் போடச் சொன்னார்கள். பெட்டி வரைந்து, மூன்று பாயின்டரை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினேன். ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கித்தான் பேசினேன், படம் தெளிவாக இருந்தது. வேலை கிடைத்தது.

சேரப் போகிறவர்கள் லேப்டாப் இல்லையே என்று கவுன்சிலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர்க்காதீர்கள். எங்களுக்கு மூன்றாம் செமஸ்டரில் வந்த டிஸ்கிரீட் மேத்ஸை (தர்க்கம், கணங்கள், நிரூபணம் பற்றிய பாடம்) கணக்குப் பேப்பர்தானே என்று தள்ளி வைக்காதீர்கள், பிறகு வரும் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. இன்டக்‌ஷன் முறையில் (முதல் எண்ணுக்குச் சரி, ஒரு எண்ணுக்குச் சரியென்றால் அடுத்ததற்கும் சரி என்று காட்டுவது) நிரூபிப்பதை மட்டுமாவது அப்போதே கைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.