பூட்ஸ் தடத்தில் முளைத்த குளோவர்

மூணாவது வருஷம், ஒருவழியாக மான் பாத்தியில், அதாவது மான்கள் வந்து மேயட்டும் என்று காட்டுக்குள் நான் போடும் தீவனப் பாத்தியில், வெள்ளைக் குளோவர் என்ற தீவனச் செடி பிடித்துவிட்டது. போன வாரம் வரை இந்தத் தடவையும் போச்சு என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கதை கடைசியில்.

இடம் அதேதான். சரிவுக்கு நடுவே மேடை போலச் சமமான துண்டு, 20 மீட்டருக்கு 10. மேலே நாலு மரம் விழுந்ததில் அரை நாள் வெயில் கிடைக்கிறது. முதல் வருஷம் மண்ணைச் சோதிக்காமல் விதைத்து, மஞ்சளாக நாலு இலையைப் பார்த்ததோடு சரி. பிறகு சோதித்தால் பி.எச். 5.2, அதாவது குளோவருக்கு ஆகாத புளிப்பு மண். இத்தனை வருஷச் சருகு மக்கிய மண் வேறெப்படி இருக்கும்! புளிப்பைக் குறைக்க 25 கிலோ சுண்ணாம்புத்தூள் மூட்டை நாலை முதுகில் சுமந்து ஏற்றினேன். வண்டி போகாது. முட்டி இன்னும் அதை மறக்கவில்லை.

ஆனால் என்னை ஏய்த்தது சுண்ணாம்பு அல்ல, விதையை மூடுகிற வேலை. இரண்டாம் வருஷம் 200 கிராம் விதையை உலர்ந்த மணலோடு கலந்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நடை தூவி, ரேக்கால் அழகாக இழுத்து மூடினேன். மூன்று வாரம் கழித்துப் போனால் பாத்தி மொட்டை. நடுவில் மட்டும் ஒற்றையடிப் பாதை மாதிரி பச்சைப் பச்சையாகத் திட்டுகள். குனிந்து பார்த்தேன். என் பூட்ஸ் தடம்! குதிகால், முன்பாதம், அடிப்பக்கத்து வரி உட்பட அச்சு அசலாக முளைத்திருந்தது. தூவிவிட்டு ரேக் எடுக்கத் திரும்பி நடந்த வழி அது. அதை மட்டும் இழுக்காமல் விட்டிருக்கிறேன்.

குளோவர் விதை கடுகைவிடப் பொடிசு. ஒரு கிலோவில் 15 லட்சத்துக்கு மேல் இருக்கும். அரை சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மேலே வர அதற்குத் தெம்பு கிடையாது. அதற்கு வேண்டியது போர்வை இல்லை, மண்ணோடு ஒட்டுதல்.

அதனால் இந்தத் தடவை ரேக் விதைப்புக்கு முன்னாடி மட்டும். சருகை மிச்சமில்லாமல் வாரி, மண்ணைக் கீறி, துணைக்கு ரை என்ற தானியத்தை விதைத்து அதை மட்டும் மூடி, கடைசியில் ரைசோபியம் (வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் பாக்டீரியா) புரட்டிய குளோவரைத் தூவினேன். பிறகு இரண்டு மணி நேரம் மிதி. பாத்தி முழுக்க, பாதத்தை ஒட்டிப் பாதம் வைத்து, நெல் மிதிக்கிற மாதிரி. யாராவது பார்த்திருந்தால் காட்டுக்குள் சாமியாடுகிறான் என்றிருப்பார்கள். மறுநாள் ராத்திரி மழை. அது அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் இல்லை.

விதை பற்றி ஒரு புலம்பல். பையில் பெரிய கொம்பு மான் படம் போட்ட கலவைகளை நம்பாதீர்கள். முதல் வருஷம் நான் வாங்கியதில் பின்பக்கச் சீட்டைப் படித்தால் பாதிக்குமேல் ரைகிராஸ் என்ற வெறும் புல். தனித்தனியாக வாங்கிக் கலப்பதுதான் மேல்.

இப்போது கதை. வசந்தம் வந்தும் குளோவர் விரல் உயரம் தாண்டவில்லை. மறுபடி பி.எச். பார்த்தேன், 6.3, குறையில்லை. ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை ஊசியால் கீறினேன், உள்ளே இளஞ்சிவப்பு. தழைச்சத்து வேலை நடக்கிறது, பிறகு ஏன் வளரவில்லை? விதைத்த அன்று, மான் வாய் படாமல் கொஞ்சம் இருக்கட்டும் என்று மூலையில் நட்டுவைத்த கம்பி வலைக்கூண்டு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கொடிக்குப் பின்னால் மறைந்திருந்தது. விலக்கினால் உள்ளே கணுக்கால் தாண்டி மொசமொசவென்று குளோவர்! வெளியே அதே குளோவர் கத்தரித்த புல்தரை மாதிரி. வளராமல் இல்லை, வளர வளரத் தின்றுகொண்டிருக்கிறார்கள். பாத்தியோரம் மாட்டிவைத்த தானியங்கிக் கேமராவைப் பார்த்தேன். தாய்மானும் போன வருஷக் குட்டிகள் இரண்டும், ஒரு ராத்திரி தவறாமல் ஆஜர்.

சந்தோஷம்தான். ஆனால் மூன்று வாய்க்கே காணாத பாத்தி இது. மேல் சரிவில் இன்னொரு துண்டு பார்த்துவைத்திருக்கிறேன். அங்கே சிக்கரி என்ற கீரைச் செடியும் டர்னிப் என்ற கிழங்கும் போடலாம். பனி விழுந்தபின் டர்னிப் இலை இனிக்கும், அப்போது அதைத் தேடி வருவார்கள். சுண்ணாம்புக்கு இந்தத் தடவை கூட ஒரு ஆள் பிடிக்க வேண்டும்.

அதற்கு முன்னால் இங்கே ரை கதிர் தள்ளுவதற்குள் வெட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் குளோவருக்கு நிழல் கட்டிவிடும். அரிவாளைத் தீட்டிவைத்துப் பத்து நாளாகிறது.