கார்டு பழுதல்ல, பின்னில் களிம்பு

பாம்பன், மண்டபம் பக்கம் கடலை ஒட்டிய கட்டடங்களில் நெட்வொர்க் தடுமாறினால் முதலில் கேபிள் நுனியில் உள்ள ஆர்ஜே45 இணைப்பியின் பின்களைப் பாருங்கள். முலாம் தேய்ந்த இடத்தில் உப்புக்காற்று பட்டுப் பச்சைக் களிம்பு ஏறிவிடும். ஆனால் நெட்வொர்க் கார்டை இயக்கும் நிரலான டிரைவர், லாக்கில் (செய்திப் பதிவில்) "அடாப்டர் பழுது" என்று எழுதியிருந்தால், வருகிறவர் கார்டைத்தான் மாற்றுவார். புதுக் கார்டிலும் அதே வரி வரும். ஆகவே திருத்த வேண்டியது அந்தச் செய்தியை.

டிரைவர் கண்டது சிஆர்சி (பிழை கண்டறியும் சரிபார்ப்பு எண்) பொருந்தாத ஃப்ரேம் (தரவுத் துண்டு), அவ்வளவுதான். கோளாறு கேபிளிலா, பின்னிலா, எதிர்முனை ஸ்விட்சிலா என்று அதற்குத் தெரியாது. தெரியாததைச் சொல்வதுதான் தப்பு.

ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1-2, 3-6 போதும். 4, 5, 7, 8 பின்களில் களிம்பு ஏறினால், டவுன்ஷிஃப்ட் (தானாக வேகம் குறைத்தல்) தெரிந்த சிப் 100க்கு இறங்கிக்கொள்ளும். அப்போது லினக்ஸ் கெர்னல் எந்த வேகத்திலிருந்து எதற்கு இறங்கியது என்று காட்டி, கேபிளைப் பார்க்கச் சொல்கிறது. ஒழுங்கான செய்தி அது. அனுப்பும் க்யூ நகராமல் நின்றால் வரும் வாட்ச்டாக் எச்சரிக்கை அப்படியில்லை: ஸ்விட்ச் ஓயாமல் 'சற்று நிறுத்து' என்னும் பாஸ் (pause) ஃப்ரேம் அனுப்பி க்யூ நின்றாலும், அடைப்புக்குறிக்குள் டிரைவர் பெயர்தான் நிற்கும்.

செய்தியைத் திருத்த, லாக்கில் வந்த வாக்கியத்தை சோர்ஸ் கோடில் கிரெப் (சொல் தேடும் கட்டளை) செய்யுங்கள். (வரி நீண்டாலும் செய்தியை இரண்டாக உடைக்கக் கூடாது என்று கெர்னல் விதி சொல்வது இதற்காகத்தான்.) அங்கே பிரிண்ட்கே (கெர்னலின் பொதுவான செய்தி எழுதும் ஃபங்ஷன்) இருந்தால் நெட்வொர்க்குக்கான நெட்டெவ்_வார்ன் ஆக்குங்கள், டிரைவர் பெயரும் எத்0 போன்ற இணைப்பின் பெயரும் தானாக வரும். ஊகத்தை நீக்கி எண்ணைப் போடுங்கள்: "சிஆர்சி பிழை 312, வேகம் 1000".

லாக் நிரம்பாமலிருக்க நெட்_ரேட்லிமிட் உண்டு; இயல்பாக 5 நொடிக்கு 10 செய்தி. பெயர் '_ஒன்ஸ்' என்று முடியும் வகை வேண்டாம். விடியற்காலை ஈரத்தில் ஒருமுறை எழுதிவிட்டு, அடுத்த ரீபூட் வரை வாய் திறக்காது.

சோதிக்க, களிம்பு பிடித்த பேட்ச் கேபிள் (சிறு நெட்வொர்க் கேபிள்) ஒன்றை எறியாமல் வைத்திருங்கள். அதைவிட நல்ல கருவி கிடைக்காது. செய்தியில் வரும் எண்ணும் எத்டூல் கட்டளை காட்டும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

செக்பேட்ச் (மாற்றத்தின் நடையைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட்) ஓட்டி, பழைய வரி, புது வரி இரண்டையும் கமிட் குறிப்பில் எழுதி, புது நெட்வொர்க் மாற்றங்களை ஏற்கும் கெர்னல் கிளையான நெட்-நெக்ஸ்டுக்கு அனுப்புங்கள். அடுத்த கெர்னலுக்கான மாற்றங்களைச் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ திறந்திருக்கும் இரண்டு வாரமும் நெட்-நெக்ஸ்ட் மூடியிருக்கும். அதற்குள், பழைய வாக்கியத்தைத் தேடும் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் எங்காவது ஓடுகிறதா என்று பார்த்து அதையும் மாற்றிவிடுங்கள்.