கொத்தமல்லிக் கட்டும் சென்னையின் ஈரமும்

சென்னைச் சமையலறையில் தழைகள் கெடுவதற்கு வெயிலைக் காட்டிலும் ஈரமே பெருங்காரணம் என்பது என் திடமான எண்ணம். கோயம்பேட்டிலிருந்து வரும் கொத்தமல்லி வாடாமலிருக்கக் கடைகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த ஈரத்தோடு பாலித்தீன் பையில் முடிந்து ஃப்ரிட்ஜில் வைத்தால், பறித்த பின்னும் சுவாசித்துக்கொண்டிருக்கும் இலை வெளிவிடும் நீராவியும் சேர்ந்து பையின் உட்புறம் நீர்த்துளிகளாகக் கோத்துக்கொள்ள, கட்டு நடுவிலிருந்து அழுகத் தொடங்கிவிடும்.

ஆகவே வாங்கி வந்தவுடன் கட்டை அவிழ்த்து, மஞ்சளான இலைகளையும் நசுங்கிய தண்டுகளையும் ஆய்ந்து நீக்கி, பழைய பருத்தி வேட்டித் துணியில் பரப்பி மின்விசிறியின் கீழ் ஈரம் போகும் வரை வைத்திருந்து, பிறகு வேரை நறுக்கிவிட்டு, உலர்ந்த வேறொரு துணியில் தளர்வாகச் சுற்றி டப்பாவில் வைக்கிறேன். கழுவுவது சமைக்கும்போதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டுகள் நனைந்தே வருவதால் அந்த மாதங்களில் உள்ளே இருக்கும் துணியை இடையிடையே மாற்றவும் வேண்டும்.

கறிவேப்பிலைக்கு இத்தனை பாடில்லை. ஈர்க்கிலிருந்து உருவி, ஈரமில்லாத டப்பாவில் மூடி வைத்தால் போதும். நிழலில் உலர்த்திய இலை பொடிக்கு உதவும், தாளிப்புக்குப் பச்சை இலையே வேண்டும்.

புதினா உலர்ந்தபின்னும் மணக்கும். கொத்தமல்லியோ அப்படியன்று: அதன் மணத்துக்குக் காரணமான ஆல்டிஹைடு வகைப் பொருள்கள் எளிதில் ஆவியாகிவிடுவதால், உலர்த்தினால் வைக்கோல் வாசமே மிஞ்சும். ரசத்தை இறக்கிய பிறகு தழையைத் தூவும் நம் வழக்கம் இந்த இயல்பை அறிந்தே அமைந்தது போலிருக்கிறது.

இப்போது நகரின் பெரிய கடைகளில் கிடைக்கும், துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் இலையை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. வெப்பமண்டலச் செடியாகிய அது, சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கருத்துவிடும். ஃப்ரிட்ஜோ 4 டிகிரியை ஒட்டி இருக்கிறது. தண்டின் நுனியை நறுக்கி, டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, அடுப்பின் அனல் படாத மூலையில் வைத்து நாள்தோறும் தண்ணீரை மாற்றினால் போதும்.

கொத்தமல்லித் தண்டைத் தூக்கி எறிபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இலையைவிட நார் மிகுந்ததாயினும் அதிலும் நல்ல மணம் உண்டு. பொடியாக நறுக்கிப் புளி, காய்ந்த மிளகாய், உளுத்தம்பருப்போடு வதக்கித் துவையலாக அரைத்தால் நார் தெரியாது.